ஆண்பனையும் பெண்பனையும்: இலிங்கமுறை இனப்பெருக்கம் பற்றி ஒரு நோக்கு

பனையை அறியாதவர் எம்மிடையே எவருமிலர். ஆயினும், பனையில் ஆண் வேறு, பெண் வேறு என நிற்கும் அமைப்பின் பொருள் யாதென ஆராய்ந்தோர் சிலரே. காணியொன்றை விலைக்கு வாங்கியவர் வீட்டுக்கு நிலம் எடுக்கும்போது முதலிற் கோடரிக்கு இலக்காவது பெரும்பாலும் ஆண்பனையே. "அது காய்க்காத பனைதானே, நின்று ஆவதென்ன?" என்னும் பேச்சை நாம் பல இடங்களிற் கேட்டிருக்கின்றோம். எளிய கேள்விபோலத் தோன்றினும், உயிரியலாரை நெடுங்காலம் வருத்திய கேள்வியும் ஏறத்தாழ இதுவே. உயிர்கள் பெருகுவதற்கு ஆண் என ஒன்று எதற்காக? வாழை ஆணின் துணையின்றியே குட்டியீன்று பெருகுகின்றது. கரும்பும் மரவள்ளியும் வெற்றிலையும் தண்டின் துண்டத்திலிருந்தே தழைக்கின்றன. அங்ஙனமாகப் பனை மட்டும் தன் இனத்திற் பாதியைக் காய்க்காத மரங்களாக ஏன் வைத்திருத்தல் வேண்டும்? இதற்கு விடை காண முயல்வதே எமது நோக்கம். கல்லூரியில் உயிரியல் படித்துப் பின் மறந்தோரும், அதனைப் படியாதோரும் பின்தொடரத்தக்க வகையில் எழுத முயல்வோம்.

விலங்குகளில் ஆண் பெண் வேற்றுமையை எம்முன்னோர் நுணுகி நோக்கியிருந்தனர். தொல்காப்பியத்தின் மரபியல், களிறு, ஏறு, சேவல், கலை, கடுவன் என ஆணுக்குரிய பெயர்களையும், பிடி, பேடை, பிணை, மந்தி எனப் பெண்ணுக்குரிய பெயர்களையும் தனித்தனியே தொகுத்துரைக்கின்றது. மரங்களிலும் அவ்வேற்றுமை உண்டென்பதை 'ஆண்பனை' என்னும் சொல்லே காட்டும். இன்றைய ஈராக் நாடு இருக்கும் பகுதியிலே பழங்கால மக்கள் ஆண் ஈச்சம்பாளையை வெட்டியெடுத்துப் பெண்மரத்தின் பாளையிற் சேர்த்துப் பேரீச்சை விளைவித்தனர். அவ்வழக்கம் இன்றும் தொடர்கின்றது. கையால் இவ்வாறு செய்வதனால் அங்கே ஐம்பது பெண்மரங்களுக்கு ஓர் ஆண்மரம் நிற்பினும் போதுமாகின்றது.

இத்தனை காலமாகப் பயிர் செய்வோர் அறிந்திருந்த உண்மையை மேனாட்டு அறிஞர் சோதனையாற் காட்டியது 1694ஆம் ஆண்டிலேதான். செருமனியின் தூபிங்கன் நகரத்துப் பேராசிரியர் கமராரியசு, ஆமணக்கின் ஆண்பூக்களை அவை விரியுமுன்னரே கிள்ளியெறிந்து பார்த்தார். செடி வித்துத் தரவில்லை. எமது வேலியோரத்து ஆமணக்கிலும் எவரும் செய்துபார்க்கக்கூடிய சோதனை இது. அயலில் வேறு ஆமணக்கு இல்லாதிருத்தல் மட்டும் வேண்டும்.

இனிப் பனையின் பாளைகளை நோக்குவோம். ஆண்பாளை, தடித்த விரல்கள் போன்ற கதிர்களாகப் பிரிந்து நிற்கும். கதிரின் மேலுள்ள செதில்களுக்கிடையே சிறு குழிகள் உண்டு. அக்குழிகளினின்றும் சின்னஞ்சிறு பூக்கள் ஒரேமுறையில் அல்லாது சிலசிலவாக வெளிவரும். ஒவ்வொரு பூவிலும் ஆறு கேசரங்கள் உள; அவற்றின் நுனியிலே மகரந்தம் விளைகின்றது. பெண்பாளையின் பூக்களோ தொகையிற் குறைந்தவை, உருவிற் பெரியவை, குரும்பை போலத் திரண்டவை. ஒவ்வொன்றினுள்ளும் மூன்று அறை கொண்ட சூலகமும், அறைக்கு ஒன்றாக மூன்று சூல்வித்துக்களும் உள்ளன. நுங்கிலே மூன்று கண்கள் இருப்பதன் காரணம் இதுவே. ஒரு சூல்வித்து மகரந்தம் பெறாது போயின், அக்கண் வளராது.

காற்றும் பூச்சியும் கொண்டுவந்த மகரந்தமணி, பெண்பூவின் குறியிலே ஒட்டி முளைக்கின்றது. அதிலிருந்து நூலினும் மெல்லிய குழாயொன்று சூல்வித்தை நாடி உள்ளே வளர்ந்து செல்கின்றது. அக்குழாயின் வழியாக இரண்டு ஆண்கருக்கள் செல்கின்றன. இரண்டு எதற்கு என்ற வினாவுக்கு விடை 1898ஆம் ஆண்டு வரை தெரியவில்லை. அவ்வாண்டிலே இரசியத் தாவரவியலாளர் நவாசின் என்பவர் அதனைக் கண்டறிந்தார். ஆண்கருக்களுள் ஒன்று முட்டையுடன் கூடி நுகமாகின்றது. நுகமே வளர்ந்து முளையமாகும். மற்றையது, சூல்வித்தினுள் இருக்கும் வேறு இரண்டு பெண்கருக்களுடன் கூடி, முளையத்துக்கு வேண்டிய உணவுப் பண்டாரத்தைத் தோற்றுவிக்கின்றது. அதனை வித்தகவிழையம் என்பர். பூக்குந் தாவரங்களுக்கே சிறப்பாயுரிய இந்நிகழ்ச்சி இரட்டைக் கருக்கட்டல் எனப்படும்.

வித்தகவிழையம் என்றதும் ஏதோ அரிய பொருள் என எண்ணிவிடலாகாது. நுங்கு அதுவே, இளநீரும் தேங்காய்ப் பருப்பும் அதுவே. நுங்கில் இரு பங்கு தாய்வழி வந்தது. ஒரு பங்கு தந்தைவழி வந்தது. எனவே, "ஆண்பனை எமக்கு ஒன்றும் தருவதில்லை" என்று நுங்கைக் குடித்துக்கொண்டே கூறுபவர், தாம் குடிப்பதில் மூன்றிலொரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதை அறியாதவராவர்.

நுங்கு முற்றி வன்மையான பருப்பாகின்றது. பழம் விழுந்து கொட்டையை மண்ணிலிட்டதும், முளையத்தின் வித்திலை உள்ளே பஞ்சுபோலத் திரண்டு அப்பருப்பைக் கரைத்து உறிஞ்சுகின்றது. சிறுவர் விரும்பியுண்ணும் பூரான் அதுவேயாம். உறிஞ்சிய உணவு கீழ்நோக்கிச் செல்லும் முளையிலே சேர்ந்து கிழங்காகின்றது. நாம் தை, மாசியில் அவித்தும் ஒடியலாக உலர்த்தியும் உண்ணும் பொருள், அந்த இரண்டாவது ஆண்கரு தொடக்கிவைத்த பண்டாரமே.

எல்லாத் தாவரமும் பனைபோல ஆணும் பெண்ணும் தனித்தனி மரமாய் நிற்பதில்லை. பூசணியில் இருவகைப் பூவும் ஒரே கொடியில் உள. பூவின் கீழே சிறு பிஞ்சு இருப்பின் அது பெண்பூ. தென்னையில் ஒரே பாளையில் இரண்டும் உள. ஆனால், நெட்டைத் தென்னையில் ஆண்பூக்கள் முந்தி விரிந்து உதிர்ந்தபின்னரே பெண்பூக்கள் பக்குவமடைகின்றன. ஆகவே அது பெரும்பாலும் அயல்மரத்து மகரந்தத்தையே ஏற்கின்றது. பப்பாசியிலோ ஆண்மரம், பெண்மரம், இருபாலும் கலந்த மரம் என மூன்றும் உண்டு. வித்திட்டுப் பூக்கும்வரை இன்னது வரும் என்று சொல்ல இயலாது. ஒரே பூவில் கேசரமும் சூலகமும் உடைய செடிகளே மிகப்பல. அவற்றுள்ளும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதபடி பற்பல தடைகளை அமைத்துக்கொண்டவை உள. இத்தனை தடை எதற்காக? இவ்விடத்திலே கருவின் உள்ளே சென்று நோக்குதல் வேண்டும்.

உடற்கலம் ஒவ்வொன்றிலும் பரம்பரை அலகுகளைத் தாங்கிய நிறமூர்த்தங்கள் சோடி சோடியாக உள்ளன. மனிதரில் இருபத்துமூன்று சோடி; சோடியில் ஒன்று தந்தை தந்தது, ஒன்று தாய் தந்தது. புணரிகள், அதாவது விந்தும் முட்டையும், உண்டாகும்போது ஒடுக்கற்பிரிவு என்னும் சிறப்பான பிரிவு நிகழ்ந்து, சோடிக்கு ஒன்றாக இருபத்துமூன்று மட்டுமே ஒரு புணரிக்குச் செல்கின்றன. எந்தச் சோடியில் எது செல்லும் என்பது காசைச் சுண்டிப் பார்ப்பது போன்றது. இருபத்துமூன்று முறை காசைச் சுண்டினால் வரக்கூடிய வேறுபட்ட வரிசைகள் 8,388,608. ஏறத்தாழ எண்பத்துநான்கு இலட்சம்! எமது சமய நூல்கள் கூறும் எண்பத்துநான்கு நூறாயிர யோனிபேதம் வாசகர் நினைவுக்கு வரலாம். எமக்கும் வந்தது. இது தற்செயலான ஒற்றுமையேயன்றி வேறன்று. இதனைக்கொண்டு முன்னோர் நிறமூர்த்தங்களை எண்ணியிருந்தனர் என வாதிடுதல் சமயத்துக்கும் அறிவியலுக்கும் பெருமை தராது. தாயின் புணரியிலும் அத்தனை வகை. தந்தையின் புணரியிலும் அத்தனை வகை. பிரிவின்போது சோடி நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டங்களை மாற்றிக்கொள்வதனால் உண்மைத் தொகை இதனினும் பன்மடங்கு பெரிது. உருவொத்த இரட்டையரை நீக்கினால், ஒரு வயிற்றிற் பிறந்த இருவர் முற்றும் ஒத்திராமைக்கு இதுவே காரணம்.

பிள்ளை ஆணா பெண்ணா என்பதும் இப்பிரிவினாலேயே முடிவாகின்றது. மனிதரில் தாயின் முட்டைகள் யாவும் எக்ஸ் நிறமூர்த்தத்தையே கொண்டவை. தந்தையின் விந்துக்களிற் பாதி எக்ஸையும் பாதி வையையும் கொண்டவை. ஆகவே பாலை முடிவு செய்வது தந்தையின் விந்து. உரிய பூச்சிகளை உருப்பெருக்கியில் ஆராய்ந்து நெற்றி சிறீவன்சு என்னும் அமெரிக்க அம்மையார் இதற்கு அடிப்படையான உண்மையைக் காட்டியது 1905ஆம் ஆண்டில். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், பெண்பிள்ளைகளையே பெற்றாள் என்று மருமகளைக் குறைகூறும் மாமிமார் எம்மிடையே இருக்கின்றனர். குறை என்று ஒன்று இதில் இல்லவே இல்லை. உண்டென்று கொள்வோர் தம் மகனையே நோக்குதல் வேண்டும். கோழியிலே நிலைமை மறுதலை: அங்கே இருவகை நிறமூர்த்தம் உடையது பேடே, குஞ்சு சேவலா பேடா என்பதை முட்டையே முடிவு செய்கின்றது.

நிறமூர்த்தத்தை நம்பாத விலங்குகளும் உள. கடலாமை மணலிலே முட்டையிட்டுப் புதைத்துச் செல்கின்றது. மணல் வெப்பம் மிகுந்திருப்பின் பெண்குஞ்சுகளும், குறைந்திருப்பின் ஆண்குஞ்சுகளும் தோன்றுகின்றன. உலகம் வெப்பமுறுவதன் விளைவை இங்கே கண்கூடாகக் காணலாம். ஆத்திரேலியாவின் பெரும் பவளத்தொடரின் வடபகுதியிலே பிறந்த பச்சை ஆமைகளுள் இளையவற்றை ஆராய்ந்தோர், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை பெண் என 2018இல் வெளியிட்டனர். எமது களப்புகளில் அகப்படும் கொடுவா மீனின் செய்தி இன்னும் வியப்பானது. அது முதலில் ஆணாக வளர்ந்து சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறுகின்றது. பெரிய கொடுவா பெரும்பாலும் பெண்ணே. பெரியவற்றை மட்டும் தேர்ந்து பிடிக்கும் கடற்றொழில் முட்டையிடுவனவற்றையே அழிக்கின்றது. கலவாய் இனங்களோ பெண்ணாகத் தொடங்கி ஆணாக முடிவன. மண்புழு ஒன்றே ஆணும் பெண்ணுமாயிருந்தும், இரு புழுக்கள் கூடி விந்தை மாற்றிக்கொள்கின்றன. தனக்குத் தானே போதுமாயிருந்தும் துணை தேடும் இப்புழுவும், அயல்மரத்து மகரந்தத்துக்குக் காத்திருக்கும் தென்னையும் ஒரே கதையைக் கூறுகின்றன.

அக்கதையின் மறுபக்கத்தையும் மறைக்காது கூறுதல் வேண்டும். இலிங்கமுறைக்கு விலை மிக அதிகம். மிளகாய்த் தோட்டத்திலே இலையின் கீழ்மொய்க்கும் அசுகணியை எடுத்துக்கொள்வோம். எமது வெப்பநாட்டில் அது பெரும்பாலும் ஆணின்றியே குட்டியீனுகின்றது. தாயின் வயிற்றிலிருக்கும் மகளின் வயிற்றிலே பேத்தியும் அப்போதே உருவாகத் தொடங்கியிருப்பாள். இன்று ஒரு சில கண்டோம், அடுத்த கிழமை செடி முழுவதும் கண்டோம் எனக் கமக்காரர் வருந்துவது இதனாலேதான். பெண் மட்டுமே உள்ள இனத்தில் ஒவ்வோர் உயிரும் ஈனும். ஆணும் பெண்ணும் உள்ள இனத்திற் பாதியே ஈனும். எனவே கணக்கின்படி முன்னது பின்னதைச் சில தலைமுறைகளில் வென்றொழித்திருத்தல் வேண்டும். ஆங்கில அறிஞர் யோன் மெயினாட் சிமித்து 1970களில் இவ்விரட்டிப்பு நட்டத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். அங்ஙனமிருந்தும் விலங்குகளும் தாவரங்களும் பெரும்பாலும் ஆண்களை விடாது வைத்திருக்கின்றன. அந்நட்டத்தை ஈடுசெய்யும் இலாபம் ஒன்று இருத்தல் வேண்டும்.

இலாபம் எதுவென அறிய, ஆணின்றிப் பெருகியவற்றுக்கும் ஒரேமாதிரியானவற்றுக்கும் நேர்ந்ததை நோக்கலாம். இலங்கையின் மலைநாடு ஒருகாலத்திற் கோப்பிநாடாயிருந்தது. அங்கே பயிரிட்ட அரபிக்காக் கோப்பி தன் மகரந்தத்தையே தான் ஏற்பது. அன்றியும், உலகெங்கும் பரவிய தோட்டங்கள் ஆதியிற் சில செடிகளின் வழித்தோன்றல்களே. மகரந்தச் சேர்க்கை நிகழினும் கலப்பு நிகழவில்லை. 1869இல் இலைத்துரு என்னும் பங்கசுநோய் தோன்றியது. ஒரு செடியின் இலையைத் துளைத்த நோய்க்கு அடுத்த செடியும் அதற்கடுத்த செடியும் ஒரே பூட்டுப் போட்ட கதவுகளாயின. நோயை ஆராய 1880இல் அனுப்பப்பட்ட மார்சல் உவாட்டு என்பவர் அதன் வாழ்க்கை வட்டத்தைத் தெளிவுபடுத்தி, ஒரே பயிரை மலைமலையாக நட்டதன் கேட்டையும் எடுத்துரைத்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்து கோப்பித் தோட்டங்களிலே உழைத்தோரின் மக்கள் தேயிலைக்கு மாறினர். மலையகத்தின் வரலாறே ஒரு பங்கசினால் திசைமாறியது.

வாழையின் கதையும் இதுவே. மேனாட்டுச் சந்தைக்கு அனுப்பப்பட்ட குறோசு மிச்செல் என்னும் வாழை ஒரே தாயின் குட்டிகளாகவே உலகெங்கும் பரவியிருந்தது. பனாமா வாடல்நோய் அதனை அழித்து, 1960கள் முடியுமுன் ஏற்றுமதிச் சந்தையினின்றும் நீக்கிற்று. பதிலாக வந்த கவெண்டிசு வாழையும் குட்டியாற் பெருகுவதே. அதனைக் கொல்லும் புதிய வகை வாடல்நோய் 2019இல் தென்னமெரிக்காவின் கொலம்பியாவையும் எட்டிவிட்டது. குட்டியால் நட்ட தோட்டத்திலே நோய்க்குத் தப்பும் ஒரு வாழையைத் தேடுவது வீண்முயற்சி. அங்கே ஆயிரம் மரம் நிற்பினும் உண்மையில் நிற்பது ஒன்றே. நியூசிலாந்தின் ஏரிகளில் வாழும் நன்னீர் நத்தையொன்று இதனை மறுபுறமாகக் காட்டுகின்றது. அவ்வினத்தில் ஆணின்றிப் பெருகுவனவும், ஆணும் பெண்ணுமாய்ப் பெருகுவனவும் உள. ஒட்டுண்ணிப் புழுக்கள் மிகுந்த ஏரிகளிலே ஆண்கள் மிகுதியாகவும், குறைந்த ஏரிகளிலே குறைவாகவும் காணப்பட்டன. ஒட்டுண்ணியும் நோயும் ஓயாது திறவுகோலை மாற்றிக்கொண்டிருப்பதனால், பூட்டையும் தலைமுறைதோறும் மாற்றவேண்டியிருக்கின்றது. ஆண் என்பது அம்மாற்றத்துக்குக் கொடுக்கும் விலை என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கம்.

இனி எமது பனைக்கு மீள்வோம். பனைக்கு ஒரே குருத்து. குட்டியீனாது, வெட்டிய இடத்திலிருந்து தளிர்க்காது, கிளையை நட்டுப் பெருக்கவும் இயலாது. வித்தைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. 1983 முதல் 2009 வரை நடந்த போரிலே காப்பரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தறிக்கப்பட்டவையும், எறிகணையால் தலையிழந்து மொட்டையாய் நின்று பட்டவையும் இலட்சக்கணக்கானவை. அவற்றுக்கு ஈடாகப் பனை அபிவிருத்திச் சபையும் பிற அமைப்புக்களும் பாடசாலை மாணவரும் கொட்டை நடுகின்றனர். இது மிக நல்ல பணி. நடுவோர் முன்னே இரண்டு செய்திகளை வைக்க விரும்புகின்றோம்.

முதலாவது, ஆண்பனைகள் பற்றியது. சீவப்படும் பாளை பூத்து மகரந்தம் சொரிவதில்லை. ஆகவே, ஒரு வட்டாரத்து ஆண்பனைகளிற் சிலவற்றைத் தறித்து, எஞ்சியவற்றையெல்லாம் சீவினால், அங்கே நிற்கும் பெண்பனைகள் தொலைவிலிருந்து வரும் சிறிதளவு மகரந்தத்தையே நம்பியிருக்க வேண்டியதாகும். ஈராக்கியர்போல நாம் பாளையைக் கையால் சேர்ப்பதில்லை. ஆதலால் ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கு இங்கே செல்லாது. தொழிலாளருக்குப் பதநீரும் கள்ளும் வேண்டும், அதனை மறுக்கவில்லை. ஆங்காங்கே சில ஆண்பனைகளைச் சீவாது பூக்கவிடுதல் அவர்களுக்கும் பெருநட்டமாகாது.

இரண்டாவது, கொட்டையைத் தெரிவது பற்றியது. நன்கு காய்க்கும் ஒரு பனையின் கீழே நின்று சாக்கு நிறையப் பொறுக்குதல் எளிது. அங்ஙனம் பொறுக்கியவை யாவும் ஒரே தாயின் மக்கள். அப்பிள்ளைகளால் ஒரு தோப்பை நிரப்புதல், கோப்பித் தோட்டக்காரர் சென்ற வழியிற் சிறிது தூரம் செல்வதாகும். ஆடி, ஆவணியில் விழும் பழங்களை வெவ்வேறு ஊர்களின் வெவ்வேறு பனைகளிலிருந்து சேர்த்துக் கலந்து நடுதல் வேண்டும். ஒரு பழத்து மூன்று கொட்டைகளும் தாயால் ஒன்றாயினும், மகரந்தம் தனித்தனி வந்தமையால் வேறு வேறு தந்தையரின் மக்களாயிருத்தல் கூடும். அவற்றைப் பிரித்து நடலாம். கிழங்குப் பாத்தியில் முளைத்ததைப் பெயர்த்து நடுவது பெரும்பாலும் பயன் தராது. முளை ஆழச் சென்றுவிடுவதனால், நிற்கவேண்டிய இடத்திலேயே கொட்டையை இடுதல் நன்று.

நட்ட கொட்டை ஆணா பெண்ணா என்று முளையைப் பார்த்தோ ஓலையைப் பார்த்தோ கூற இயலாது. பரம்பரைப் பொருளைச் சோதித்து நாற்றிலேயே பாலை அறியும் முயற்சிகள் இந்தியாவில் நடைபெற்றுள்ளன; எனினும் வேலியோரத்தில் நடுபவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏறத்தாழப் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் வருமெனக் கொண்டு, இரண்டுக்கும் இடம்விட்டு நடுதலே தகும். இவ்வாண்டு புரட்டாதியில் இடும் கொட்டை, பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுக்குள் முதற் பாளை தள்ளும். எது ஆண், எது பெண் என்பது அன்றுதான் தெரியவரும்.